விதி நீக்கப்பட்டது

புகார் மூன்றே வரி.
"அந்த விதியை நேற்றிரவு எட்டு மணிக்கே அழித்துவிட்டேன்.
திரையில் அது இல்லை.
ஆனாலும் எங்கேயோ இருக்கிறது."
கீழே பெயர்: வில்ஹோ ரைஹா, கூஹ்மோ.

ஜனவரி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை.
காயானியில் சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போயாயிற்று.
எங்களுக்கு இரண்டு சர்வர்கள்:
ஒன்று என் காலடியில், நிலவறையில் உறுமுகிறது,
மற்றது வாசாவில், உறைந்த கடலோரம்.
ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்கும் தெரிய வேண்டும்,
ஒப்பந்தம் அவ்வளவுதான்.

முதலில் கடிகாரங்களைச் சந்தேகித்தேன்.
இரண்டும் ஒரே நொடியைச் சொல்லின.
பிறகு ஃபயர்வாலை, பிறகு வட்டை,
பிறகு, வழக்கம்போல், ஓஸ்மோவை.
விடுப்பில் இருப்பவன் மேல் பழி சுலபமாக ஒட்டும்.
"ஏரியில் துளை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
மீன் ஓடிவிடும், போனை வை" என்றான்.

காயானியில் ரைஹாவின் வடிகட்டி காலி.
வாசாவில் பழைய கோப்பு, ஒரு புள்ளிகூடக் கலையாமல்:
அனுப்புநர் ஆர்மாஸ் ரைஹா என்றால்
எறி.
நிறுத்து.
கோப்புக்கு வயது ஆறு.

இரவு ஒன்பதுக்கு, ஆடை படிந்த காபிக்கு எதிரே,
புரிந்தது.
பழுது ஏதும் இல்லை. கட்டியதே அப்படி.
விதி மாறினால் யாரும் மணி அடிப்பதில்லை.
புதுக் கடிதம் ஒன்று பெட்டியில் விழ வேண்டும்.
அப்போதுதான் இரண்டு சர்வர்களும் கண்விழித்து
உன்னிடம் என்ன புதிது என்று கேட்டுக்கொள்ளும்.
அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான்
திருத்திய விதியும் ஊர் தாண்டும்.

நாளுக்கு நூறு கடிதம் வருகிறவருக்கு
இப்படி ஒரு தாமதம் இருப்பதே தெரியாது.
நகராட்சிச் செயலாளருக்கு அரை நிமிடம்.
பள்ளிக்கூடத் தலைமைக்கு மூன்று.
வில்ஹோ ரைஹாவுக்கு இருபத்தைந்து மணி நேரம்,
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாக்கை மேலும் கீழும் உருட்டினேன்.
அந்த இருபத்தைந்து மணி நேரத்தில்
அவருக்கு எழுதியவர் ஒரே ஒருவர்.
மூன்று தடவை.
இரவு 11:52. காலை 6:10. மதியம் 2:47.
மூன்று வரியின் முடிவிலும் அதே சொல்:
எறியப்பட்டது.

எறிந்த கடிதம் பெட்டியில் விழுவதில்லை.
விழாத கடிதம் எந்த சர்வரையும் எழுப்புவதில்லை.
யாருக்காகத் தாழ்ப்பாளை நீக்கினாரோ
அவர் தட்டுவது மட்டும்
அந்தக் கதவுக்குக் கேட்காது.

எடுத்துப் பார்க்க வழி கிடையாது.
மிச்சம் இருப்பது நேரமும் எடையும்:
நாற்பது கிலோபைட், ஒன்பது, இரண்டு.
முகவரிகளைக் கழித்துவிட்டால்
கடைசிக் கடிதத்தில் ஒரு வாக்கியம் தேறும்.

கையால் ஒத்திசைக்கக் கட்டளை இருக்கிறது. தெரியும்.
இருந்தும் ஒரு கடிதம்தான் அனுப்பினேன்.
பொருள்: சோதனை.
உள்ளே ஒன்றுமில்லை.
நான்கு நொடியில் வாசா தன் ஆறு வருடத்தை மறந்தது.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து:
"வந்தது. காலியாக இருக்கிறது. பரவாயில்லை, நன்றி.
இனி அவன் எழுதினால் வருமா?"

வரும், என்று தட்டினேன்.
அடுத்த வரியில்
'மூன்று கடிதங்கள்' என்று தொடங்கி, அழித்து,
மூன்றை எண்ணாக்கி, மறுபடி எழுத்தாக்கி,
'தங்கள் சகோதரர்' என்று வைத்துப் பார்த்து, அதையும் எடுத்தேன்.

ஓஸ்மோவின் குறுஞ்செய்தி: ஒரு பெர்ச் மாட்டியது.
மணிக்கொரு தரம் எல்லாப் பெட்டியையும் ஒத்திசைக்க
ஒரு வேலை போட்டுவிடு, தீர்ந்தது.

போட்டுவிட்டேன்.
பத்து மணிக்கு முதல் ஓட்டம்:
ரைஹா, மாற்றம் ஏதுமில்லை.
பதினொன்று:
ரைஹா, மாற்றம் ஏதுமில்லை.
என் வரைவில், 'வரும்' என்ற சொல்லுக்குப் பின்னால்
கோடு மட்டும்
மின்னிக்கொண்டிருக்கிறது.